ஆண் பூனை அடிக்கடி மண்ணுக்குப் போய் உக்காருது, சொட்டு சொட்டாதான் வருது (கோத்தகிரி, அவசரம்)

கோத்தகிரி_பனி
2025 அக்டோபர் 19, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கங்க. எங்க வீட்டுப் பூனை பேரு முண்டாசு, ஆண், மூணு வயசு முடியப்போகுது, ஒரு வயசுலயே கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு, எடை 5 கிலோ 200. நேத்து சாயங்காலத்துலருந்து மண் தட்டுக்குப் போறதும் வர்றதுமா இருக்கான், ஒரு மணி நேரத்துல ஏழெட்டு தடவை, உக்காந்து முக்குறான், எந்திரிச்சப்புறம் பாத்தா ஒரு ரூபா காசு அளவுக்கு ஈரம், அவ்ளோதான். இன்னைக்கு காலைல வாஷ்பேசின்ல ஏறி உக்காந்து போயிருக்கான், வெள்ளை பேசின்ங்கறதால தெரிஞ்சுது, லேசா ரோஸ் கலர். கீழ நக்கிக்கிட்டே இருக்கான்.

இது மூணாவது தடவைங்க. ஆகஸ்ட்ல ஒருக்கா வந்துச்சு, இங்க ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம், யூரின் இன்ஃபெக்‌ஷன்னு ஆன்டிபயாடிக் ஊசி அஞ்சு நாள் போட்டாங்க, சரியாயிருச்சு. இந்த மாசம் ஆரம்பத்துல மறுபடி, மறுபடி அதே ஊசி, அஞ்சாறு நாள்ல சரி. இப்ப திரும்பவும். நாளைக்கு தீபாவளி வேற, எந்த கிளினிக்கும் இருக்காது. எதனால இப்படி திரும்பத் திரும்ப வருதுன்னு யாராச்சும் சொல்லுங்க. சாப்பாடு பெரும்பாலும் ட்ரை ஃபுட், எப்பவாச்சும் மத்தி மீன்.

ரெண்டு_பூனை_அம்மா
இரவு 9:20

குன்னூர்லருந்து எழுதறேன் கண்ணு. காரணம் எல்லாம் அப்புறம் பாக்கலாம், முதல்ல ஒண்ணு சொல்லு, மூத்திரம் வருதா வரலையா? ஆண் பூனைன்னு வேற சொல்றே. கொஞ்சமாச்சும் வந்துட்டு இருந்தா வலி, எரிச்சல்னு வெச்சுக்கலாம், சுத்தமா நின்னுபோச்சுன்னா அது அடைப்பு, அதுக்கு மணிக்கணக்குதான் டைம். எங்க முத பையன் அப்படித்தான் போனான். மலச்சிக்கல்னு நெனச்சு ஒரு நாள் முழுக்க விளக்கெண்ணெய் குடுத்துட்டு உக்காந்திருந்தேன். அவன் முக்கினது மலத்துக்கு இல்லைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

கோத்தகிரி_பனி
இரவு 9:26

கேட்கவே கஷ்டமா இருக்குக்கா. இவனுக்கு சொட்டு சொட்டா வருதுக்கா. எட்டரைக்குக்கூட துணில கொஞ்சம் ஈரம் இருந்துச்சு.

கட்டபெட்டு_தோட்டம்
இரவு 9:31

சூட்டுக்கு வந்திருக்கும்மா. பார்லி தண்ணி குடுங்க. அடிவயித்துல ரெண்டு சொட்டு நீலகிரித் தைலம் வெதுவெதுப்பா தடவி விட்டா தானா எறங்கும், மாட்டுக்கு எங்க அப்பா செய்வாரு.

நாமக்கல்_வெட்_மாணவன்
இரவு 9:38

தைலம் வேண்டாங்க, தயவுசெஞ்சு. யூகலிப்டஸ் எண்ணெய் பூனைக்கு விஷம், அது உடம்பை நக்கற பிராணி, தடவுனது அத்தனையும் வயித்துக்குள்ள போயிரும், கல்லீரல்ல அதை உடைக்கிற சக்தி பூனைக்கு ரொம்ப கம்மி. தரை தொடைக்கிற தண்ணில தைலம் ஊத்துற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய வீட்ல இருக்கு, பூனை இருக்கற வீட்ல அதையும் நிறுத்துங்க. அதேமாதிரி வலிக்குதேன்னு பாராசிட்டமால் குடுத்துறாதீங்க, கால் மாத்திரைகூட உயிரை எடுத்துரும்.

நான் கூடலூர்க்காரன், நாமக்கல் கால்நடை மருத்துவக் காலேஜ்ல நாலாவது வருஷம் படிக்கறேன், டாக்டர் இல்ல, அதனால நான் சொல்றதை ஆஸ்பத்திரிக்கு பதிலா எடுத்துக்காதீங்க. இப்ப நீங்க பண்ண வேண்டியது, தட்டுல இருக்கற பழைய மண்ணை முழுசா கொட்டிட்டு புதுசு கொஞ்சமா போடுங்க, அப்பதான் ராத்திரி மூத்திரம் பட்ட மண் எத்தனை உருண்டையா கட்டுதுன்னு எண்ண முடியும். பின்னங்காலுக்கு முன்னாடி அடிவயித்துல ரெண்டு விரலால மெதுவா தொட்டுப் பாருங்க, பெரிய எலுமிச்சம்பழம், ஆரஞ்சு மாதிரி கெட்டியா உருண்டு நின்னா அது நிறைஞ்ச மூத்திரப்பை. அமுக்கக்கூடாது, அமுக்குனா கிழிஞ்சுரும். உருண்டையே கட்டல, வாந்தி எடுக்குது, சோந்து ஓரமா ஒதுங்குது, இதுல எது வந்தாலும் காத்திருக்காம கிளம்புங்க. தீபாவளின்னாலும் கோயம்புத்தூர்ல 24 மணி நேரம் திறந்திருக்கற இடம் இருக்கும், இப்பவே போன் பண்ணி கேட்டு வெச்சுக்குங்க.

கேத்தி_பள்ளத்தாக்கு
இரவு 10:05

இன்னும் ரெண்டு விஷயம் கேட்டு வெச்சுக்கறேன். வீட்ல லில்லியம் பூ இருக்கா? நான் பூ வளர்க்கற பாலிஹவுஸ்ல வேலை பாக்கறேன், ஒடிஞ்ச பூவை ஆளுக்கு ரெண்டு வீட்டுக்கு எடுத்துட்டு போவாங்க, அந்த மகரந்தத்தை பூனை நக்கினாலே கிட்னி போயிரும். ஓடை ஓரமா தானா பூக்குமே வெள்ளை கூம்பு மாதிரி, அது வேற ஜாதி, அதை கடிச்சா வாய்தான் எரியும். ரெண்டாவது, பக்கத்துல யாராச்சும் கேரட், உருளைக்கிழங்கு போட்டு எலிக்கேக் வெச்சிருக்காங்களா? அந்த மருந்து தின்ன எலியைப் பிடிச்சு தின்னாலும் மூத்திரத்துல ரத்தம் வரும், ஆனா அப்ப ஈறு, மூக்குன்னு வேற எடத்துலயும் கசியும்.

கோத்தகிரி_பனி
இரவு 10:22

பூ எதுவும் இல்லண்ணா. சுத்தி தேயிலைதான், காய்த்தோட்டம் இல்ல. ஈறு பாத்துட்டேன், ரோஸ் கலர்ல நல்லாதான் இருக்கு. வயித்துல தொட்டுப் பாத்தேன், சின்னதா ஏதோ தட்டுப்படுது, பெருசா இல்ல. ராத்திரி முழிச்சிருக்கேன்.

கோத்தகிரி_பனி
2025 அக்டோபர் 20, காலை 11:47

விடியக்காலைலருந்து ஒரு சொட்டுகூட இல்லங்க. மூணு மணிக்கு கடைசியா ஒரு சின்ன உருண்டை. பத்து மணிக்கு வாந்தி. தொட்டா கத்துறான், உள்ள ஆரஞ்சு மாதிரி நிக்குது. கோயம்புத்தூர்ல எடுக்கறேன்னு சொல்லிட்டாங்க. கிளம்பிட்டோம்.

ரெண்டு_பூனை_அம்மா
காலை 11:49

போ கண்ணு, போனை வெச்சுட்டு போ.

டிஎன்43_ஓட்டுநர்
காலை 11:55

அம்மா கீழ எறங்கறப்ப பூனைக்கூடை ஆடாம காலுக்கு நடுவுல வெச்சுக்கங்க, கோத்தகிரி ரோட்ல கொண்டை ஊசி வளைவு திரும்பறப்ப வயித்துல அழுத்தம் விழக்கூடாது. மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான், இன்னைக்கு லீவு, எறங்கற வண்டி கம்மியாதான் இருக்கும். மேல ஏறி வர்றது குன்னூர் பக்கம் பூரா அடைச்சு நிக்குது.

கோத்தகிரி_பனி
2025 அக்டோபர் 22, இரவு 8:30

உயிரோட இருக்கான். முதல்ல இதை சொல்லிட்டு மத்ததை எழுதறேன்.

போனவுடனே ரத்தம் எடுத்தாங்க, பொட்டாசியம் 7.6, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் 6.1. பொட்டாசியம் அவ்ளோ ஏறுனா இதயத் துடிப்பே தப்பும்னு சொல்லி முதல்ல அதுக்குத்தான் மருந்து போட்டாங்க, இசிஜி ஒட்டி வெச்சிருந்தாங்க, அதுக்கப்புறம்தான் மயக்கம் குடுத்து கத்தீட்டர் (மூத்திரம் வெளிய வர விடற சின்ன ட்யூப்) போட்டாங்க. அவனோட மூத்திரக் குழாய் நுனில வெள்ளையா பற்பசை மாதிரி ஒரு அடைப்பு இருந்திருக்கு, மணலும் சளியும் கலந்த மாதிரி. அது வெளிய வந்ததும் பையிலருந்து வந்த மூத்திரம் காப்பித் தண்ணி கலர். ரெண்டு நாள் கத்தீட்டரோட டிரிப்ஸ். அடைப்பு எடுத்ததுக்கப்புறம் கிட்னி அணை திறந்த மாதிரி ஊத்தும், அதுக்கு ஈடா தண்ணி ஏத்தலைன்னா காஞ்சு போயிருவான்னு சொன்னாங்க. எட்டு மணி நேரம் தாமதிச்சிருந்தா கஷ்டம்னாங்க. அந்த வார்த்தை காதுலயே இருக்கு. இன்னைக்கு காலைல கத்தீட்டர் எடுத்தாங்க, மத்தியானம் தானா ஒருக்கா போனான், நர்ஸ் போன்ல வீடியோ எடுத்து அனுப்பிச்சாங்க, நானும் வீட்டுக்காரரும் பஸ் ஸ்டாண்டுல நின்னு அதைப் பாத்துட்டு அழுதோம்.

இப்பதான் பழைய கேள்விக்கு வர்றேன். எதனால? இன்ஃபெக்‌ஷன்தான் காரணம்னா ரெண்டு தடவை ஆன்டிபயாடிக் போட்டும் ஏன் திரும்ப வந்துச்சு? போன தடவை யூரின் டெஸ்ட்ல ஸ்ட்ருவைட் கிரிஸ்டல் (மூத்திரத்துல கட்டற ஒரு வகை உப்புத் துகள்) மூணு ப்ளஸ், அதாவது நிறைய இருக்குன்னு வந்துச்சு. அதனால கல்லுன்னு ஒரு பக்கம் சொல்றாங்க. இங்க ஸ்கேன் பண்ணதுல கல் இல்ல, பை சுவர் மட்டும் தடிச்சிருக்குன்னு எழுதிருக்காங்க. எக்ஸ்ரேலயும் கல் இல்ல. கத்தீட்டர் போட்டப்பவே எடுத்த யூரினை கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளருதான்னு பாக்கற டெஸ்ட்டுக்கு, அனுப்பிருக்காங்க.

நாமக்கல்_வெட்_மாணவன்
இரவு 9:15

அக்கா ரொம்ப நிம்மதியா இருக்கு. அந்த கிரிஸ்டல் ரிப்போர்ட் பத்தி ஒண்ணு கேக்கணும், சாம்பிள் எத்தனை மணிக்கு எடுத்தீங்க, லேப்ல எத்தனை மணிக்கு பாத்தாங்க?

கோத்தகிரி_பனி
இரவு 9:21

காலைல ஏழு மணிக்கு தட்டுலருந்து ஊசில உறிஞ்சு எடுத்து பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். மேட்டுப்பாளையம் போற பஸ்ல குடுத்து விட்டோம். ரிப்போர்ட்ல சாயங்காலம் 4:30னு இருக்கு.

நாமக்கல்_வெட்_மாணவன்
இரவு 9:44

அதுதான் அக்கா. மூத்திரம் ஆறிப்போய் குளிர்ந்தா கிரிஸ்டல் தானா கட்டும், உடம்புக்குள்ள இல்லாதது பாட்டிலுக்குள்ள உருவாகும். எடுத்து அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள்ள பாக்கணும். கோத்தகிரி குளிர்ல ஃப்ரிட்ஜ்ல வெச்சு, ஒன்பதரை மணி நேரம் கழிச்சுப் பாத்த சாம்பிள்ல மூணு ப்ளஸ் வந்தா அதை நம்பி ஒரு முடிவும் எடுக்க முடியாது. ஒண்ணு ரெண்டு கிரிஸ்டல் நல்லா இருக்கற பூனைக்கும் இருக்கும். தட்டுலருந்து எடுத்த சாம்பிள்ல கிருமி தெரிஞ்சாலும் அது தட்டுல இருந்த கிருமியா பையில இருந்ததான்னு சொல்ல முடியாது, அதனாலதான் கல்ச்சருக்கு நேரா பையிலருந்து ஊசி வழியாவோ புது கத்தீட்டர் வழியாவோ எடுப்பாங்க.

இன்னொண்ணு, இளம் பூனைக்கு கிருமியால மூத்திரப்பை புண்ணாகறது அபூர்வம். பூனை மூத்திரம் அவ்ளோ கெட்டியா இருக்கும், கிருமி வளர்றது கஷ்டம். பத்து வயசுக்கு மேல, கிட்னி பழுதானதுக்கு, சர்க்கரை வந்ததுக்குத்தான் அது சகஜம். இளசுங்களுக்கு இந்த மாதிரி வந்தா பாதிக்கும் மேல காரணம்னு ஒண்ணை ஸ்கேன்லயோ டெஸ்ட்லயோ காட்ட முடியாது, பையோட உள்தோல் தானா வீங்கிக்குது, இடியோபதிக் சிஸ்டைட்டிஸ்னு சொல்றாங்க. அது மருந்தே குடுக்காட்டாலும் அஞ்சுலருந்து ஏழு நாள்ல பெரும்பாலும் தானா அடங்கிரும். உங்க ஊசி எத்தனை நாள்ல வேலை செஞ்சுதுன்னு சொன்னீங்க?

கோத்தகிரி_பனி
இரவு 9:47

அஞ்சாறு நாள்.

ஐயோ. அப்ப ஊசியே கேக்கலையா.

கட்டபெட்டு_தோட்டம்
இரவு 10:10

தைலம் சொன்னதுக்கு மன்னிச்சுக்கம்மா. எனக்குத் தெரியாது. எங்க வீட்ல ரெண்டு பூனை இருக்கு, இன்னைக்கே தரை தொடைக்கிறதுல அதை நிறுத்திட்டேன். தண்ணில உப்பு இருந்தா இப்படி வருமோ? கீழ நாட்டுல போர் தண்ணி குடிச்சா கல்லு வரும்பாங்க.

நாமக்கல்_வெட்_மாணவன்
இரவு 10:25

மேல வர்றது ஊத்துத் தண்ணி, மழைத் தண்ணி அண்ணா, உப்பு கம்மி. தண்ணி எவ்ளோ உள்ள போகுதுங்கறதுதான் பூனைக்கு முக்கியம். ட்ரை ஃபுட்ல ஈரம் பத்து சதவீதம் பக்கம், வெட் ஃபுட்ல முக்கால் பங்குக்கு மேல தண்ணிதான். குளிர் ஊர்ல ஐஸ் மாதிரி கிண்ணத்துல தண்ணி வெச்சா பூனை மோந்து பாத்துட்டு போயிரும்.

கோத்தகிரி_பனி
2025 அக்டோபர் 25, மாலை 6:40

கல்ச்சர் வந்துருச்சு, கிருமி எதுவும் வளரல. கத்தீட்டர் போடறப்ப எடுத்து அங்கயே உடனே மைக்ராஸ்கோப்ல பாத்ததுல ரத்த அணு நிறைய, கிரிஸ்டல் கொஞ்சம்தான். முண்டாசு வீட்டுக்கு வந்துட்டான், வலிக்கு மருந்து போகுது. டாக்டரம்மா கேட்டாங்க, வீட்ல புதுசா ஏதாச்சும் மாறிச்சா, ஆள் வந்தாங்களா, குழந்தை பொறந்துச்சா, வேற பூனை வந்துச்சான்னு. பயம், பதட்டம் வந்தா பூனைங்களுக்கு நேரா மூத்திரப்பையிலதான் போய் நிக்குமாம். நாங்க ரெண்டு பேரும் மண்டையைக் குடைஞ்சு பாத்துட்டோம், ஒண்ணுமே மாறல. அதே வீடு, அதே ரெண்டு பேர், அதே சாப்பாடு.

ரெண்டு_பூனை_அம்மா
மாலை 7:02

நமக்கு மாறல கண்ணு, அதுக்கு என்ன மாறிச்சோ. தேதி எழுது. மூணு தடவையும் எந்தத் தேதில ஆரம்பிச்சுதுன்னு கரெக்டா போடு.

கோத்தகிரி_பனி
மாலை 7:30

ஃபோட்டோ, ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் வெச்சுப் பாத்தேன். ஆகஸ்ட் 17 ஞாயிறு. அக்டோபர் 3 வெள்ளி. அக்டோபர் 18 சனி.

டிஎன்43_ஓட்டுநர்
மாலை 7:41

அம்மா எனக்கு பூனை பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா இந்தத் தேதி மூணும் எனக்கு நல்லாத் தெரியும். ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி, அப்புறம் ஞாயிறு. அக்டோபர் 1 ஆயுத பூஜை, 2 காந்தி ஜெயந்தி. 18லருந்து தீபாவளிக் கூட்டம். நான் தூங்காம வண்டி ஓட்டுன நாளுங்க இதெல்லாம். உங்க வீட்டுப் பக்கத்துல ஏதாச்சும் காட்டேஜ் இருக்கா?

கோத்தகிரி_பனி
மாலை 7:58

அண்ணா.

இருக்குண்ணா. பின்னாடி சுவரை ஒட்டி. ஜூன்லதான் கட்டி முடிச்சாங்க, ஜூலை கடைசிலருந்து ஆள் வருது. அந்த சுவரை ஒட்டின பின் வராந்தாலதான் இவனோட மண் தட்டு இருக்கு.

லீவுக்கு வர்றவங்க சாயங்காலமானா வெளிய தீ மூட்டி ஸ்பீக்கர் போடுவாங்க, பதினோரு மணி வரைக்கும் போகும். ஆயுத பூஜைக்கு வந்த குரூப் ஒரு பெரிய நாயைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க, அது கேட்டுக் கம்பி வழியா வராந்தாவைப் பாத்து குரைச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் கதவை சாத்திட்டு சீரியல் பாத்துட்டு இருந்தேன். அவன் மண்ணுக்குப் போகணும்னா அந்த வராந்தாவுக்குத்தான் போகணும்னு எனக்கு உறைக்கவே இல்ல. அடக்கி அடக்கி வெச்சிருக்கான் போலருக்கு.

கேத்தி_பள்ளத்தாக்கு
இரவு 8:20

ஒரு சந்தேகம். விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட் 27 வந்துச்சே, காலாண்டு லீவும் செப்டம்பர் கடைசிலயே ஆரம்பிச்சுதே, அப்பல்லாம் ஏன் வரல?

கோத்தகிரி_பனி
2025 அக்டோபர் 26, காலை 10:15

காட்டேஜ் பாத்துக்கற அண்ணன்கிட்ட போய் நோட்டைக் காட்டச் சொல்லி கேட்டேன். சதுர்த்தி புதன்கிழமை, ஒரே நாள் லீவுங்கறதால யாரும் புக் பண்ணல. காலாண்டு லீவு ஆரம்பத்துல ஒரு வயசான தம்பதி மூணு நாள் இருந்திருக்காங்க, சத்தமே இல்ல. நாங்க சொன்ன மூணு தடவையும் ரெண்டு மாடியும் சேத்து பத்துப் பதினஞ்சு பேர் குரூப்.

நாமக்கல்_வெட்_மாணவன்
காலை 11:05

மூணு தேதி ஒத்துப்போறதை வெச்சு அடிச்சு சொல்ல முடியாதுக்கா, ஆனா கல்லு இல்ல, கிருமி இல்ல, உள்ளயே வளர்ற ஆண் பூனை, கொஞ்சம் எடை கூட, ட்ரை ஃபுட், இது எல்லாத்துக்கும் மேல இந்தத் தேதிங்க. வேற எதைவிடவும் இதுதான் பொருந்துது. சரிபண்ணிப் பாக்கறதுக்கு செலவும் அதிகமில்ல. தட்டை அந்த வராந்தாவுலருந்து எடுத்துருங்க, ஒரு பூனைன்னாலும் ரெண்டு தட்டு, வேற வேற ரூம்ல. வெட் ஃபுட்டுக்கு ஒரே நாள்ல மாத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா, பட்டினி கிடந்தா பூனைக்கு கல்லீரல்ல கொழுப்பு ஏறிரும். கோழி வேகவெச்ச தண்ணி குடுக்கறதா இருந்தா வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் கூடாது. லீவு நாளைக்கு முன்னாடியே பதட்டம் கொறையற மருந்து குடுக்கலாமான்னு டாக்டரம்மாகிட்ட கேளுங்க, அளவு அவங்கதான் சொல்லணும். அடைப்பு ஒருக்கா வந்த பையனுக்கு மறுபடி வர வாய்ப்பு இருக்கு, முக்கியமா அடுத்த சில வாரம், உருண்டை எண்றதை விட்டுறாதீங்க.

ரெண்டு_பூனை_அம்மா
காலை 11:20

மேல ஏறி உக்கார எடம் பண்ணிக் குடு. பயந்தா பூனைக்கு ஒண்ணு உயரம் வேணும், இல்ல இருட்டுப் பொந்து வேணும்.

கோத்தகிரி_பனி
2026 ஜனவரி 19, காலை 9:10

பொங்கல் கூட்டம் முடிஞ்சு போனதுக்கப்புறம் எழுதலாம்னு காத்திருந்தேன்.

தட்டு ஒண்ணு எங்க பெட்ரூம்ல, ஒண்ணு முன் ரூம்ல. பின் வராந்தா கதவை நிரந்தரமா பூட்டிட்டோம், கீழ் கண்ணாடிக்கு பழைய காலண்டர் ஒட்டியாச்சு. பீரோ மேல அட்டைப்பெட்டில கம்பளி போட்டு வெச்சேன், முத நாளே ஏறிட்டான். தண்ணி ஒரு நாளைக்கு மூணு தடவை வெதுவெதுப்பா மாத்தறேன், இந்தக் குளிர்லயும் குடிக்கறான். சாப்பாடு முக்கால்வாசி வெட் ஃபுட், அதுலயும் ரெண்டு ஸ்பூன் வெந்நீர் கலந்து. எடை 4 கிலோ 800. மூத்திரத்தோட கெட்டித்தன்மை போன தடவை 1.055 இருந்துச்சு, இந்த மாசம் 1.032, டாக்டரம்மா சந்தோஷப்பட்டாங்க.

காட்டேஜ்காரர்கிட்டயும் பேசினோம். பூனைக்காகவான்னு முதல்ல நம்பல, ஆஸ்பத்திரி பில்லைக் காட்டினேன், தீ மூட்டற எடத்தை கீழ்ப்பக்கம் மாத்தித் தர்றேன்னு சொன்னவர் நிஜமாவே மாத்திட்டார்.

கிறிஸ்துமஸ் லீவுல டிசம்பர் 26 ராத்திரி மட்டும் நாலஞ்சு தடவை தட்டுக்குப் போனான். எனக்கு கை கால் ஓடல. ஆனா போன ஒவ்வொரு தடவையும் உருண்டை கட்டுச்சு, ரத்தம் இல்ல, குறிச்சுக் குடுத்த மருந்து குடுத்தோம், மறுநாள் மத்தியானம் சரியாயிட்டான். பொங்கலுக்கு ரெண்டு மாடியும் நிறைஞ்சு இருந்துச்சு, இவன் பீரோ மேல தூங்கிட்டு இருந்தான்.

டிஎன்43_ஓட்டுநர்
காலை 9:32

சந்தோஷம்மா. அடுத்த பெரிய கூட்டம் ஏப்ரல், மே சீசன்ல, மலர்க் கண்காட்சிக்கு. எந்த வாரம் எறங்கும்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுரும், இங்கயே எழுதறேன்.

கோத்தகிரி_பனி
காலை 9:40

கண்டிப்பா எழுதுங்கண்ணா. இன்னைக்கு காலைல எண்ணினது மூணு உருண்டை, மூணும் நல்ல எலுமிச்சம்பழம் சைஸ்.